சாய்மேசை

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை.
டயர் குடோனுக்கும் மீன் குளிரறைக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத எங்கள் கூடம்.
உள்ளே ஓர் இரும்புக் கை சுற்றுகிறது.
அச்சில் தலை, ஓரத்தில் கால்,
நிமிடத்துக்கு முப்பது சுற்று.
படுத்திருப்பவரின் பாதத்துக்கு ஒன்றே முக்கால் பூமி.
தலைக்கு ஒன்றுமேயில்லை.

விண்வெளி போய்த் திரும்புகிறவர்கள்
எழுந்து நின்றதும் மயங்குகிறார்களாம்.
இந்தச் சுற்று அதற்கு மருந்தாகுமா என்று பார்க்க
ஆட்கள் வேண்டும்.
ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை.
ஒரு தடவைக்கு இருநூறு திர்ஹம், மாதுளை ஜூஸ், போகவர வண்டி.

தவசுக்கனி டவர் கிரேன் ஓட்டுபவர்.
முப்பத்தெட்டு மாடி உயரத்தில்
பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவர்.
பெல்ட்டை நான் மாட்டும்போது கேட்டார்:
"மயங்கி விழுந்தா காசப் பிடிப்பீங்களா மேடம்?"
இல்லை என்றேன்.
"அப்ப சரி."

அமலோற்பவம் பள்ளிப் பேருந்தில்
பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள்.
அவள் எதையும் கேட்கவில்லை.
காலணியைக் கழற்றி
சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்தாள்.

சுற்றுவதற்கு முன்னால் ஒருமுறை,
மூன்று வாரம் சுற்றிய பின்னால் ஒருமுறை
சாய்மேசையில் கட்டி எழுபது பாகைக்கு நிமிர்த்துவோம்.
நிற்பது ஒன்றுதான் வேலை.
காலை அசைக்கக் கூடாது.

நிமிர்த்தியதும் இரத்தம்
முதல் தேதிச் சம்பளம் மாதிரி
நேரே கீழே ஊருக்குப் போய்விடும்.
கெண்டைக்காலில் தேங்கி உட்கார்ந்துகொள்ளும்.
மேலே மிஞ்சிய சில்லறையில்
இதயம் மாதத்தை ஓட்ட வேண்டும்.

தவசுக்கனியின் உடம்பு செலவை இறுக்கியது.
குழாய்களெல்லாம் சுருங்கிக்கொண்டன.
நூற்றிருபது நூற்றிருபதாகவே நின்றது.
அமலோற்பவத்தின் உடம்பு ஓவர்டைம் பார்த்தது.
எழுபது, தொண்ணூற்றாறு, நூற்றுப் பதினெட்டு.
திரையில் அலைகள்
ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்து ஓடின.

பதினோராம் நிமிடம் உதடு வெளுத்தது.
"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.
எண்பதுக்கு நாற்பத்தாறு.
ஒண்ணுமில்ல என்று எழுத
என் தாளில் கட்டம் இல்லை.
மேசையைத் தாழ்த்தினேன்.

பெண்கள் பலர் இப்படித்தான் சீக்கிரம் விழுவார்கள்,
சின்ன இதயம், கொஞ்சம் இரத்தம் என்றார் டாக்டர் ஹைதம்.
அவர் சொன்னதில் தப்பில்லை.
நூற்றுப் பதினெட்டு வரை அது ஓடியதை மட்டும்
அவர் சொல்லவில்லை.

மூன்று வாரம்.
விட்டு விட்டு, ஒன்பது தடவை சுற்றினோம்.
ஒருநாள் அவள் வாந்தியெடுத்தாள்,
ஒருநாள் இறங்கும்போது சிரித்தாள்.
ஏன் என்று கேட்டதற்கு,
காலுக்கு மட்டும் ஊரில் நிற்கிற மாதிரி இருக்கிறது,
தலை எங்கேயோ இருக்கிறது என்றாள்.

கடைசிச் சோதனையில் இருபது நிமிடம் நின்றாள்.
நிறுத்தியது நாங்கள்தான், நேரம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே தவசுக்கனி நான்காம் நிமிடத்தில் சாய்ந்தார்.
இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருக்கிறார்,
பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்.
அதை வரும்போது சொல்லவில்லை.
விதிப்படி அவர் எண் கணக்கில் சேராது.
ஜூஸை இரண்டு மடக்கில் முடித்துவிட்டு
கவரைப் பிரித்து
நோட்டுகளை எண்ணிப் பார்த்தார்.

ஒரு ஆண், ஒரு பெண்.
இதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.
மொத்தம் இருபத்திரண்டு பேர், இன்னும் பதினான்கு பாக்கி.

மாலை, ரோலா பேருந்து நிறுத்தம்.
நாற்பத்து மூன்று டிகிரி.
வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் அமலோற்பவம்.
ஒரு கையில் பை, மறு கையில் போன்,
யாரிடமோ வட்டிக்கணக்கு பேசிக்கொண்டு
குதிகாலைத் தூக்குகிறாள், இறக்குகிறாள்,
தூக்குகிறாள்.
எங்கள் சோதனையில் அது கூடாது.

பேருந்து வர நேரமானது.
என் கால்களைக் குனிந்து பார்த்தேன்.
அவையும்.